லெசார் வேருக்கு வேர் எங்கே வைப்பது?

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ரவெனாலா நிற்கிறது. காலை ஒன்பது மணிக்கு வெயில் அதன் மட்டையில் விழுந்ததும் பச்சைப் பல்லி ஒன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். முதுகில் சிவப்புப் புள்ளிகள், வாலில் நீலம். கிரியோலில் இதற்கு லெசார் வேர் என்று பெயர். அந்த 'வேர்' பச்சை நிறம். மொரீஷியஸ் தமிழர்களுக்கு இந்தச் சொல் இரண்டு விதமாகக் காதில் விழும், நான் என்ன செய்ய?

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா மகள் மடிக்கணினியோடு வந்தாள். முதுகலை ஆய்வுக்கு அவள் எடுத்திருப்பது இந்தப் பல்லிகளைத்தான். ஃபெல்சூமா என்ற பேரினம். செருப்பைக்கூடக் கழற்றாமல், கிரியோல் பாதி தமிழ் பாதியாக, "மாமா, நம்ம பல்லி எல்லாம் ரீயூனியனிலிருந்து வந்ததாம்!" என்றாள். மரம் சொல்கிறதாம். டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டு, எந்த இனம் எதற்கு நெருக்கம் என்று வரையும் உறவு மரம் அது; எல்லாருக்கும் பொதுவான மூதாதை நிற்கும் இடம்தான் அதன் வேர். அந்த மரத்துக்கு இரண்டு முறைகள் ஒரே இடத்தில் வேர் வைத்திருக்கின்றனவாம்.

எனக்கு இடித்தது. மொரீஷியஸ் கடலுக்கு மேலே வந்து ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கு 20 லட்சம்தான். பேரன் வீட்டிலிருந்து தாத்தா கிளம்பி வந்தது போல ஒரு கதை. நடக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மடகாஸ்கரிலிருந்து ஒரு முறை வந்து, மொரீஷியஸில் பெருகி, அங்கிருந்து ரீயூனியனுக்கு இரண்டு தடவை தாவியது என்பதுதான் இதுவரை பெரும்பாலும் ஏற்கப்பட்ட கதை. அதைப் புரட்டிப் போடுவதென்றால் வேர் உறுதியாக இருக்க வேண்டும்.

சரி, கோப்பைத் திற என்றேன். மரம் கட்டும் சாஃப்ட்வேரான ஐக்யூ-ட்ரீ தந்த அறிக்கையில் மரப் படத்துக்கு மேலேயே ஒரு வரி இருந்தது. இந்த மரம் வேரில்லாதது, ஆனாலும் இன்ன இனம் வேரில் இருப்பது போல வரையப்பட்டுள்ளது என்று. அவள் அதைப் படிக்கவில்லை. என் முதல் மரத்தில் நானும் படிக்கவில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த சாஃப்ட்வேர், டி.என்.ஏ. வரிசைக் கோப்பில் முதலில் இருக்கும் பெயரை எடுத்து வேருக்குப் பக்கத்தில் வைத்து வரைந்துவிடும். அகரவரிசையில் முதலில் வந்த பாவத்துக்கு ஒரு இனம் எல்லாருக்கும் மூத்ததாகிவிடும். என்னுடைய பழைய படம் ஒன்று அப்படியே ஒரு கருத்தரங்கு வரை போய், சுவரில் ஒட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மரம் ஏன் வேரில்லாமல் வருகிறது? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு மாதிரிகளில், டி.என்.ஏ.வின் ஒரு எழுத்து இன்னொன்றாக மாறுவதும் திரும்பி வருவதும் சமநிலையில் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்று வைத்துக்கொள்கிறோம். அப்படி வைத்தால் காலம் எந்தப் பக்கம் ஓடியது என்பது கணக்குக்குத் தெரியாது. 1981-இல் ஃபெல்சன்ஸ்டைன் என்ற பரிணாம ஆய்வாளர் இதற்குக் கப்பி விதி என்றே பெயர் வைத்தார். கிணற்றுக் கப்பியில் இந்தப் பக்கம் கயிறு ஏறினால் அந்தப் பக்கம் இறங்கும், மொத்த நீளம் மாறாது. வேரை ஒரு கிளையில் இந்த முனைக்கோ அந்த முனைக்கோ நகர்த்தினாலும் கதை அதுதான். அடுத்த கிளைக்கே தூக்கிக்கொண்டு போனாலும், மரம் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண் அசையாது.

எங்கள் மஸ்கரீன் தீவுகளின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மொரீஷியஸின் சொந்த இனங்கள் ஐந்து: ஒர்நாட்டா, செபெடியானா, கிம்போவி, ரோசாகுலாரிஸ், அப்புறம் ரவுண்ட் தீவின் குந்தெரி. கடைசியாகச் சொன்னது பச்சையே இல்லாத சாம்பல் நிறப் பெரிய பல்லி. ரீயூனியனில் இரண்டு: போர்போனிக்காவும், தெற்கே மனப்பனி கடற்கரைப் பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் இனெக்ஸ்பெக்டாட்டாவும். ரோட்ரிக்ஸில் இருந்த இரண்டும் அழிந்துவிட்டன, அருங்காட்சியக மாதிரிகள்தான் மிச்சம். ஆக ஒன்பது. இனத்துக்கு ஒன்றாக ஒன்பது நுனி உள்ள வேரில்லாத மரத்தில் 15 கிளைகள் இருக்கும். வேரை வைக்க 15 இடங்கள், 15 வரலாறுகள். மரத்தின் வடிவம் ஒன்றேதான்.

இங்கே பல குடும்பங்களுக்கு இது சொந்த அனுபவம். ஒரே குடும்பப் பெயர் கொண்ட பத்து வீடுகள், எல்லாரும் உறவு என்று தெரியும், யாருக்கு யார் எத்தனை நெருக்கம் என்றும் தெரியும். கப்பலில் வந்த முதல் ஆள் எந்த வீட்டுப் பக்கம் என்று கேட்டால் பத்து வீட்டிலும் பத்துப் பதில். மோக்காவில் இருக்கும் குடியேற்றப் பதிவேடுகளைப் புரட்டினால்தான் தீரும். உறவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் மூத்தவர் யார் என்பது அதிலிருந்து வராது, அதற்கு வெளியிலிருந்து ஒரு செய்தி வேண்டும். பல்லிகளுக்குப் பதிவேடு இல்லாததால் அந்தச் செய்தியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

முதலில் வெளியாளை வைத்துப் பார்ப்பது. பாடப்புத்தகத் தமிழில் புறக்குழு, நாங்கள் அவுட்குரூப் என்றே சொல்கிறோம். நம் கூட்டத்தைச் சேராதது என்று வேறு வழியில் உறுதியாகத் தெரிந்த ஒரு இனத்தைச் சேர்த்து மரம் கட்டினால், அது வந்து ஒட்டும் கிளைதான் வேர்.

இதன் பலம் என்ன என்பதற்கு டோடோவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் டோடோ எலும்புக்கூடு ஒரே பறவையின் முழு எலும்புகளும் சேர்ந்தது. உலகத்தில் அப்படி வேறு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். 2002-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, டோடோவுக்கு மிக நெருங்கியது ரோட்ரிக்ஸில் இருந்து அழிந்த சாலிட்டேர் பறவை என்றும், உயிரோடு இருப்பவற்றில் மிக நெருங்கியது நிக்கோபார் புறா என்றும் காட்டியது. இப்போது டோடோ, சாலிட்டேர், நிக்கோபார் புறா மூன்றை மட்டும் வைத்து ஒரு மரம் கட்டிப் பாருங்கள். மூன்று நுனிக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு, நடுவில் ஒரு முடிச்சு, மூன்று கோடு. அது எதையுமே சொல்லாது. நியூ கினியின் கிரீடப் புறாக்களும், சமோவாவின் பல்லலகுப் புறாவும், இன்னும் பல புறாக்களும் சேர்ந்த பிறகுதான் டோடோவும் சாலிட்டேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்ற பேச்சுக்கே அர்த்தம் வருகிறது.

ஆனால் வெளியாள் என்றால் எவ்வளவு வெளியே? ஒரு வீட்டில் அண்ணன் யார் தம்பி யார் என்று கேட்க வேண்டுமானால் பக்கத்துத் தெருவில் இருக்கும் பங்காளியைக் கேட்கலாம், துறைமுகத்தில் இன்று இறங்கிய அந்நியனைக் கேட்டு என்ன பயன்? அக்கா மகள் கேட்டிருந்தது அந்நியனைத்தான். வீட்டுச் சுவரில் ஓடும் சாதாரணப் பல்லி, ஹெமிடாக்டிலஸ். ஏன் இதை எடுத்தாய் என்றேன். ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் முழு வரிசை சுத்தமாகக் கிடைத்தது என்றாள். கிடைப்பதை எடுப்பது எல்லாரும் செய்கிற தப்பு.

பல்லி சொன்னால் பலன் உண்டு என்பார் எங்கள் பாட்டி. இந்தப் பல்லி சொன்ன வேருக்குப் பலன் இல்லை. அவள் எடுத்தது சைட்டோகுரோம் பி, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் மரபணு. வேகமாக மாறும், குறிப்பாக மூன்றெழுத்துக் குறியீட்டின் மூன்றாவது இடம். இரண்டு இனங்கள் பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டால் அந்த இடங்களில் ஏ, ஜி ஆகி, மறுபடி ஏ ஆகி, பழைய செய்தி அழிந்துபோயிருக்கும். இருப்பது நாலே எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் நாலில் ஒன்று பொருந்தும். அப்படி வெறும் தற்செயலாகப் பொருந்துகிற எழுத்துகள் அதிகம் இருப்பது, மரத்துக்குள் ஏற்கெனவே நிறைய மாறிப்போன நீளக் கிளையோடுதான். ஆகவே தூரத்து வெளியாள் உள்ளே வரும்போது உண்மையான வேருக்குப் போகாமல், இருப்பதிலேயே நீளமான கிளையைப் பிடித்துத் தொங்கும். நீள்கிளை ஈர்ப்பு என்பது இதுதான். 1978 முதல் தெரிந்த நோய், இன்னும் போகவில்லை.

ஃபெல்சூமாவுக்குப் பங்காளி யார் என்றால், ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கும் லைகோடாக்டிலஸ் என்ற குட்டைப் பல்லிகளைச் சொல்வார்கள். அவை அடுத்த தெரு. அதற்கும் நெருக்கமாக வேண்டுமென்றால் மடகாஸ்கரின் ஃபெல்சூமா இனங்களே இருக்கின்றன. கிட்டத்தட்ட ஒரே வீட்டின் பின்கட்டு. நெருங்க நெருங்க நல்லது, ஒரு ஆபத்தைத் தவிர. ரொம்ப நெருங்கினால் வெளியாள் என்று நாம் நினைத்தது உள்ளாளாக இருந்துவிடலாம். அப்போது வேர் தலைகீழாகும். இன்னொரு கேலிக்கூத்தும் நடக்கும். மடகாஸ்கரின் பெரிய பச்சைப் பல்லியான கிராண்டிஸ் இப்போது மொரீஷியஸ் தோட்டங்களிலும் பரவிவிட்டது. கண்ணில் படும் பச்சையை எல்லாம் நம்ம ஊர்ப் பல்லி என்று பிடித்துச் சேர்த்தால், வெளியாளுக்கு உள்ளூர் அடையாள அட்டை கொடுத்த மாதிரி.

அதனால் ஒருவரை மட்டும் கேட்காதே என்றேன். மடகாஸ்கரிலிருந்து மூன்று, லைகோடாக்டிலஸில் இரண்டு. எல்லாம் ஒரே கிளையைக் காட்டினால் மனசு கொஞ்சம் நிற்கும். அதைவிட முக்கியம், வெளியாட்கள் இல்லாமல் ஒரு மரம், வெளியாட்களோடு ஒரு மரம் என்று இரண்டு கட்டி, உள்வீட்டு அமைப்பு மாறுகிறதா என்று பார்ப்பது. விருந்தாளி வந்ததால் வீட்டுக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தால் விருந்தாளி தூரத்துக்காரர் என்று அர்த்தம்.

இரண்டாவது, நடுப்புள்ளி. 1972-இல் ஃபாரிஸ் என்ற ஆய்வாளர் சொன்னது. வெளியாளே வேண்டாம். மரத்தில் மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு நுனிகளைப் பிடித்து, நடுவில் வேர் வை. எல்லாக் கிளையும் ஒரே வேகத்தில் மாறியிருந்தால் இது சரியாக வரும். ஒரு சொடுக்கில் முடிந்துவிடும், அதனால்தான் இத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்.

வேகம் ஒன்றாக இல்லையென்றால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். க, ச ஒரு ஜோடி, ட, த ஒரு ஜோடி. நுனிக் கிளை ஒவ்வொன்றும் 0.04, நடுவில் இணைக்கும் கிளையும் 0.04. க-விலிருந்து த-வுக்கு 0.12. பாதி 0.06, அது நடுக்கிளையின் சரிபாதியில் விழுகிறது. அருமை. இப்போது த-வின் கிளை மட்டும் 0.20 என்று வையுங்கள். க-விலிருந்து த-வுக்கு 0.28. பாதி 0.14. த-வின் நுனியிலிருந்து 0.14 அளந்தால் நாம் இன்னும் த-வின் சொந்தக் கிளையிலேயே நிற்கிறோம். வேர் அங்கே போய்விட்டது. த தன் ஜோடியையும் விட்டுவிட்டு எல்லாருக்கும் மூத்ததாகிவிட்டது.

காகிதத்தைப் பார்த்தபடி அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் மரத்தைத் திரும்பப் பார்த்தாள். இனெக்ஸ்பெக்டாட்டாவின் கிளை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டுப் பல்லி அங்கேதான் ஒட்டியிருந்தது. நடுப்புள்ளியும் அங்கேதான் விழுந்திருந்தது. "ரெண்டு முறையும் ஒத்துப்போகுதே" என்று அவள் வந்தது இதை வைத்துத்தான். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னார்கள் என்பது உண்மை, ஆனால் இருவரும் ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னவர்கள். நீளக் கிளை ஒன்று இருந்தால் தூரத்து வெளியாளும் ஏமாறும், நடுப்புள்ளியும் ஏமாறும், ஒரே பக்கமாக.

அந்தக் கிளை ஏன் நீளம்? வரிசையைப் பார்க்கலாம் என்று மூலக் கோப்பைத் திறந்தோம். ரீயூனியனிலிருந்து ஒரு தோழி அனுப்பியது. வரிசைப்படுத்தும் இயந்திரம் எழுத்துக்கு ஒரு சிகரமாக வரைந்த படம் அது. நடுவில் சிகரங்கள் அழகாக, ஒன்றன்பின் ஒன்றாக, நாலு நிறத்தில். கடைசி அறுபது எழுத்துப் பக்கம் வந்ததும் சிவப்பும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மழைக்காலத் துணிக்கொடி மாதிரி தொங்கின. இயந்திரம் அதையும் விடாமல் ஏதோ எழுத்துகளாகப் படித்து எழுதியிருக்கிறது. அவளும் வாலை வெட்டாமல் அப்படியே சேர்த்துவிட்டாள். ஆயிரம் எழுத்தில் அறுபது குப்பை. மொரீஷியஸ் பல்லியின் பூர்வீகத்தை ரீயூனியனுக்கு மாற்றியது அந்த அறுபதுதான்.

வாலை வெட்டி மறுபடி ஓட விட்டோம். கிளை ஒடுங்கியது. இனெக்ஸ்பெக்டாட்டா எங்கள் ஒர்நாட்டாவின் பக்கத்தில் அடக்கமாகப் போய் உட்கார்ந்தது.

நடுப்புள்ளியை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தரவு கைக்கு வந்ததும் எங்கேயாவது குப்பை இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி. ஆய்வேட்டில் வேர் என்று போட மட்டும் போதாது. அதற்கு ஒரு படி மேலான தம்பி 2017-இல் வந்தது, சுருக்கமாக எம்.ஏ.டி. என்பார்கள். இரண்டு நுனியை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கிளையிலும் வேரை வைத்துப் பார்த்து, எல்லா ஜோடிகளுக்கும் அது நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, விலகல் குறைந்த இடத்தைச் சொல்லும். ஒரே ஒரு நீளக் கிளை அதை அவ்வளவு சுலபமாக இழுத்துக்கொண்டு போக முடியாது. எனக்கு இதில் பிடித்தது, இரண்டாவது இடத்துக்கு வந்த கிளை எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது என்றும் இது சொல்லிவிடும். தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த கருவி அபூர்வம்.

மூன்றாவது, கடிகாரம். மாற்றங்கள் காலத்தோடு சேர்கின்றன, கிளைக்குக் கிளை வேகம் ஓரளவு மாறலாம் என்று வைத்துக்கொண்டு, மரத்தையும் வேரையும் சேர்த்தே கணக்கிடுவது. பீஸ்ட் என்ற சாஃப்ட்வேரில் எப்போதும் வேரோடுதான் மரம் வரும். பிள்ளைகள் அதைப் பார்த்து வேர் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வேர் கடிகார அனுமானத்திலிருந்து வந்தது என்பது படத்தில் எழுதியிருக்காது.

கடிகாரம் எங்கே உண்மையிலேயே ஜெயிக்கிறது என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். 2006 தொடக்கத்தில் சிக்குன்குனியா வந்தபோது அம்மாவால் அகப்பையைப் பிடிக்க முடியவில்லை. டப்பா மூடி திறக்க என்னைக் கூப்பிடுவார். பக்கத்து ரீயூனியனில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, இரண்டரை லட்சத்துக்கும் மேலானவர்களுக்கு வந்தது. கென்யாவின் லாமு, கொமோரோ தீவுகள், அப்புறம் நாங்கள், அப்புறம் இந்தியா என்று அது போன பாதை. அந்த வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த வகையும் வாலின் என்ற அமினோ அமிலம் இருந்த வகையும் கிடைத்தன. எது முந்தியது? வேரில்லாத மரத்தில் இரண்டும் சமம்தான். ஆனால் ஒவ்வொரு மாதிரியும் எந்த மாதம் எடுத்தது என்று தேதி இருந்தது. ரீயூனியனின் ஆரம்ப மாதிரிகளில் அலனின். 2005 செப்டம்பருக்குப் பிறகு எடுத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாலின். வாலின் வகை, எங்கள் தோட்டங்களில் மொய்க்கும் அந்த வரிக்கொசுவில், ஏடிஸ் அல்போபிக்டஸில், நன்றாகப் பெருகும் என்று பிறகு தெரிந்தது. வெளியாளை வைத்துப் பார்ப்பதென்றால் ஓ'ன்யோங்-ன்யோங் வைரஸ் இருக்கிறது, அதுதான் சிக்குன்குனியாவின் நெருங்கிய பங்காளி. ஆனால் சில மாதங்களில் நடந்த மாற்றத்தை அளக்க அவ்வளவு தூரத்து ஆள் எதற்கு? தேதியே போதும்.

பல்லிக்கு அந்த வசதி இல்லை. வைரஸ் மாதக்கணக்கில் மாறும். பல்லியின் மாதிரிகள் எல்லாம் இன்றைக்கு எடுத்தவை. அருங்காட்சியக ஜாடியில் இருக்கும் நூறு நூற்றைம்பது வருடப் பழமை, பல லட்சம் ஆண்டு மரத்தில் ஒரு தூசி. ஆக, கிளைகளின் வேகம் பெரிதாக மாறவில்லை என்ற நம்பிக்கை ஒன்றுதான் துணை. வருடக் கணக்கு வேண்டுமென்றால் தீவின் வயதைக் கொண்டுபோய்க் கட்டுவார்கள். மொரீஷியஸ் 80 லட்சம், அதனால் எங்கள் பல்லிகளின் பிரிவு அதற்கு முந்தி இருக்காது என்று. டோடோ இதைக் கேட்டால் சிரிக்கும். அந்த 2002 ஆய்வின் கணக்குப்படி டோடோவும் சாலிட்டேரும் பிரிந்தது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன். அவை குடியிருந்த தீவுகள் அப்போது இல்லவே இல்லை. முன்பு இருந்து கடலில் மூழ்கிப்போன வேறு தீவுகளில் பிரிந்து, பிறகு இங்கே வந்திருக்க வேண்டும். தீவின் வயது வீட்டின் வயது மாதிரி. குடும்பம் அதற்கு முன்பே இருந்திருக்கலாம்.

மீதி இரண்டு வழிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, திரும்பாத கணக்கு மாதிரிகள். ஏ-யிலிருந்து ஜி-க்குப் போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஈடாக வேண்டியதில்லை என்று விட்டுவிட்டால் கப்பி விதி உடைகிறது, காலத்தின் திசை கணக்குக்குள் வந்துவிடுகிறது. வெளியாள் தேவையில்லை. ஐக்யூ-ட்ரீயில் இருக்கிறது, வேருக்கு ஒவ்வொரு கிளையும் எவ்வளவு ஆதரவு பெறுகிறது என்றும் எண் தரும். எண்ணம் அழகு, ஆனால் பசி அதிகம். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உள்ளவர்களுக்குச் சரி. ஆயிரம் எழுத்து ஒற்றை மரபணுவோடு போனால் பதினைந்து கிளைக்கும் பிரசாதம் மாதிரிக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து அனுப்பும். இன்னொன்று, வெளியாளே இருக்க முடியாத இடத்துக்கு. எல்லா உயிர்களின் மரத்துக்கு வெளியே யார் இருக்கிறார்கள்? 1989-இல் இரண்டு குழுக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லா உயிர்களின் பொது மூதாதைக்கு முன்பே இரட்டித்துவிட்ட மரபணுக்களை எடுத்து, ஒரு பிரதியின் மரத்துக்கு இன்னொரு பிரதியை வெளியாளாக வைத்தார்கள். வேர் பாக்டீரியாவுக்கும் மற்ற இரண்டு பெரும் பிரிவுகளுக்கும் நடுவில் விழுந்தது. கேட்கும்போது எனக்கு இன்னும் கை தட்டத் தோன்றும். பல்லிக்கு இது வேண்டாம்.

ஆக முடிவெடுக்க உட்கார்ந்தோம். அதற்குள் அக்கா ஃபராட்டாவும் ரூகாயும் கொண்டுவந்து வைத்தாள், தக்காளி ரூகாய் விசைப்பலகையில் சிந்தியது, அதைத் துடைத்தோம். பட்டியலில் நின்றது இரண்டு: பக்கத்து வெளியாட்கள் ஐந்து பேர், அதைச் சோதிக்க எம்.ஏ.டி. இரண்டும் வேறு வேறு காரணத்தால் தவறக்கூடியவை. ஒன்று தூரத்தில் தவறும், இன்னொன்று வேகத்தில் தவறும். அப்படிப்பட்ட இரண்டு ஒத்துப்போனால்தான் ஒத்துப்போனது என்று நான் கணக்கில் எடுப்பேன்.

முழுதாக ஒத்துப்போகவில்லை. வெளியாட்கள் ஒரு கிளையைக் காட்டினார்கள், எம்.ஏ.டி. அதை ஒட்டிய இன்னொன்றைக் காட்டியது, மூன்றாவது ஒன்றும் நெருக்கத்தில் வந்தது. மரத்தின் அடியில் மூன்று குட்டிக் கிளைகள், எது முந்தி என்று ஒரு மரபணுவால் சொல்ல முடியவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. "இன்னும் எத்தனை மரபணு எடுக்கணும் மாமா?"

எடுக்கலாம், காசு இருந்தால். ஆனால் முதலில் உன் கேள்வி என்ன என்று கேட்டேன். அவள் கேள்வி, மொரீஷியஸிலிருந்து ரீயூனியனா, ரீயூனியனிலிருந்து மொரீஷியஸா என்பது. மூன்று கிளையிலும் மாறி மாறி வேரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் ரீயூனியனின் இரண்டு இனங்களும் மற்றவர்களுக்கு நடுவில்தான், இரண்டு தனித்தனி இடங்களில், உள்ளே மடங்கி இருந்தன. சுற்றி எல்லாம் மொரீஷியஸ் இனங்கள். ரீயூனியனிலிருந்து தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால் வேர் இனெக்ஸ்பெக்டாட்டா கிளைக்கோ போர்போனிக்கா கிளைக்கோ போக வேண்டும். குப்பையை வெட்டிய பிறகு அந்த இரண்டையும் எந்த முறையும் சீண்டவில்லை. குந்தெரி முதலில் பிரிந்ததா என்பது அவள் கேள்வி என்றால் இந்த வேர் போதாது, அந்த வரியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். திசை மட்டும் கேள்வி என்றால் மூன்றில் எது வேராக இருந்தாலும் பதில் ஒன்றே.

படத்தில் மூன்று கிளைகளையும் தடித்த கோட்டில் போட்டு, வேர் இவற்றுள் ஒன்றில் என்று கீழே எழுதினாள். வழிகாட்டி கேட்பாரே, ஒரே இடத்தில் வைக்கச் சொல்வாரே என்றாள். கேட்டால் மூன்று படத்தையும் பின்னிணைப்பில் காட்டு என்றேன். நாலாம் அத்தியாயத்தின் தலைப்பில் இருந்த 'ரீயூனியனிலிருந்து' என்ற சொல்லை அடித்தாள், கொஞ்சம் வருத்தத்தோடுதான். பிறகு ரீயூனியன் தோழிக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டாள். அதே மாதிரியை மறுபக்கத்திலிருந்தும் ஒரு தடவை வரிசைப்படுத்தித் தர முடியுமா என்று. அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது.